அங்க பூத்தா அழகு, இங்க கொட்டினா குப்பை

ஒவ்வொரு வருசமும் மே மாத நடுப்பகுதியில் எங்கட போன்களுக்கு ஒரு நிறம் வந்து சேரும். ரோசா நிறம். ஸ்காபரோவில இருக்கிற சித்தி வீட்டு முன்முற்றத்தில ஒரு மரம், இலையே தெரியாத அளவுக்குப் பூ. அதுக்குக் கீழ சித்தி, சித்தப்பா, பிள்ளைகள். குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில படம் விழுந்த உடனே பெரியம்மா மூன்று இதயம் போடுவா. யாராவது ஒருவர் கேட்பார்: "இது என்ன மரம், செரியோ?" சித்தி எழுதுவா: "இல்லை அக்கா, கிராப் அப்பிள்." அடுத்த கேள்வியும் எல்லாருக்கும் பாடம்: "இஞ்ச வைக்கேலாதோ? வரேக்க ஒரு கண்டு கொண்டு வாவன்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேணும். அதோட, அதே குழுமத்துக்கு ஆனி, ஆடி மாதங்களில் வருகிற இன்னொரு தகவலைப் பற்றியும் பேச வேணும். "நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். முற்றத்தில நிக்கிற வேம்பைத் தறிச்சுப்போட்டு இன்ரலொக் கல்லுப் பதிச்சுவிடுங்கோ. காசு போடுறம்." முதல் படத்துக்கு இதயம் போட்ட அதே ஆட்கள் இதற்குப் பெருவிரலை உயர்த்துவார்கள். ஒருவருக்கும் இதில் ஒரு முரண்பாடும் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரிகிறது. அதைத்தான் எழுதப் போகிறோம்.

முதலில் அந்த ரோசா மரம். கிராப் அப்பிள் என்பது தனி ஒரு மரத்தின் பெயர் இல்லை. அப்பிள் இனத்தில் காய் 5 சென்ரிமீற்றருக்கு மேல் பெருக்காத மரங்களை எல்லாம் பொதுவாக அப்படி அழைக்கிறார்கள். காய் புளிக்கும், துவர்க்கும். பொறுமை உள்ளவர்கள் ஜெலி காய்ச்சுவார்கள். மிச்சம் பனிக்காலத்தில் குருவிகளுக்கு. அப்பிள் தோட்டக்காரருக்கு இதில் வேறு ஒரு பயன் உண்டு. ஒரே வகை அப்பிள் மரங்கள் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக் காய்ப்பது அரிது. அதனால் வரிசைகளுக்கு இடையில் கிராப் அப்பிளை நட்டுவிடுவார்கள், தேனீ மற்ற வேலையைப் பார்க்கும். வீட்டு முற்றத்தில் அதை வைப்பதோ முழுக்கப் பூவுக்காக. வருசத்தில் ஒரு பத்து நாள் காட்சி, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளுக்குப் பின்னால் ஒரு மனுசியின் உழைப்பு இருக்கிறது. 1912 இல் இங்கிலாந்தில் இருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த இசபெல்லா பிரெஸ்ரன், 1920 முதல் 1946 வரை ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் பூமரங்களையும் பூச்செடிகளையும் கலப்புச் செய்துகொண்டிருந்தவர். சைபீரியக் குளிரைத் தாங்கும் ஒரு கிராப் அப்பிள். மத்திய ஆசியாவில் இருந்து வந்த, சதை வரைக்கும் சிவந்த ஒரு அப்பிள். இந்த இரண்டு வழியிலும் பிறந்த ரோசா நிற மரங்களில் நல்லதைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கனடாவின் ஒரு ஏரியின் பெயரை வைத்தார். சிம்கோ, மக்கமிக் என்று போகும் அந்த வரிசைக்கு ரோசிபுளூம் என்று பெயர். அதாவது சித்தி வீட்டு வாசலில் நிற்கக்கூடிய அந்த மரத்தின் பாட்டன் பூட்டன் எல்லாம் வெளியூர்க்காரர். கொண்டு வந்து நட்டவரும் குடிபெயர்ந்தவர். இப்போது தண்ணீர் ஊற்றுகிற சித்தியும் அப்படியே.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், "வெளிநாட்டு மரம் எங்கட மண்ணுக்கு வேண்டாம்" என்று முழங்கும் கட்டுரையாக இதை எடுத்துவிடக் கூடாது. கொய்யாவும் பப்பாசியும் அன்னமுன்னாவும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. மதிலில் படர்கிற போகன்வில்லாவும், வேலியில் நிற்கிற சீமைக்கிளுவையும் அங்கிருந்துதான். குழம்புக்குப் போடுகிற செத்தல் மிளகாயே அங்கிருந்துதான். வந்தது பிழை இல்லை. வந்த இடத்துக் காலநிலையோடு அது ஒத்துப்போனதா என்பதுதான் கேள்வி.

கிராப் அப்பிள் எங்கட காலநிலையோடு ஒத்துப்போகாது. காரணம் வெயில் என்று பலர் நினைக்கினம். வெயில் பாதிக் காரணம்தான், மற்றப் பாதி குளிர் இல்லாமை. அப்பிள் இன மரங்கள் அடுத்த வருசத்துப் பூமொட்டைக் கோடையிலேயே கட்டிவிடும். பிறகு இலையை உதிர்த்து உறங்கும். அந்த உறக்கம் கலைய, கிட்டத்தட்ட 7 பாகைக்குக் கீழ் நூற்றுக்கணக்கான மணித்தியாலம் குளிரில் நிற்க வேணும். பல இனங்களுக்கு 800, 1000 மணித்தியாலம் தேவை. மரம் அந்தக் குளிரை உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கிறது என்று சொன்னாலும் பிழை இல்லை. கணக்கு நிரம்பினால்தான், பனி விலகியதும் எல்லா மொட்டும் ஒன்றாக வெடிக்கும். படத்தில் நாங்கள் பார்த்து வாய் பிளக்கிற அந்த "இலையே தெரியாத பூ" அங்கத்தைய நாலு மாதக் குளிரின் விளைவு. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியற்காலையிலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே கொண்டுவந்து வைத்த கன்று உயிர் பிடித்தாலும், எப்ப உறங்குவது, எப்ப விழிப்பது என்று தெரியாமல் அங்கொரு இலை இங்கொரு இலை விட்டுக்கொண்டு நிற்கும்.

"அப்ப யூரியூப்பில வெப்ப நாட்டில அப்பிள் காய்க்குதே" என்று ஒருவர் கேட்பார். காய்க்குது, உண்மை. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பற்று என்ற மலைப் பகுதியில் குளிர்காலமே இல்லை, ஆனால் அப்பிள் தோட்டம் இருக்கிறது. அங்கே அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளை ஆட்களை வைத்துக் கையால் உருவி எடுப்பார்கள். மரம் உறக்கத்துக்குப் போகாமலேயே அடுத்த பூவுக்குத் தாவும். வருசத்துக்கு இரண்டு விளைச்சல். குறைந்த குளிர் போதும் என்கிற 'அன்னா' என்ற இனத்தை இஸ்ரேலில் உருவாக்கினார்கள். இதெல்லாம் சாத்தியம். ஆனால் பற்று கடல்மட்டத்தில் இல்லை, மலையில் இருக்கிறது. அது விவசாயிகளின் சீவனோபாயம், கூலி கொடுத்து இலை உருவுகிறார்கள். ஒரு போட்டோவுக்காக முற்றத்து மரத்தில் ஏறி ஒவ்வொரு இலையாக உருவ எங்களில் யார் தயார்?

விதை கொண்டுவரலாம் என்கிறவர்களுக்கு ஒரு விசயம். அப்பிள் விதை பெரும்பாலும் தாயைப் போல வராது. பெயருள்ள கிராப் அப்பிள் எல்லாம் ஒட்டு மரங்கள். கறுத்தக்கொழும்பான் மாங்காய் சாப்பிட்டு விதையை எறிந்தால் முளைக்கிறது கறுத்தக்கொழும்பானாக இருக்கும் என்று எந்த அப்பாச்சியும் உறுதி தரமாட்டா, ஒட்டுமாங்கன்றுதான் வாங்கிவரச் சொல்லுவா. அதே கதை. சூட்கேசில் துணிக்குள் சுற்றிக் கன்று கொண்டுவாறது இன்னும் மோசம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதி இல்லாமல் செய்ய விடாது. சட்டத்தை விடுங்கோ, அப்பிள் இனத்துக்கு வாற தீக்கருகல் நோய் பேரிமரத்தையும் கொல்லும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஆசைக்கு இறக்கிற கன்றுக்கு நுவரெலியாவில் பேரிமரம் வைத்திருக்கிற ஒருவர் ஏன் விலை கொடுக்க வேணும்?

சரி, அந்த மரம் இங்கே வராது. அதற்காக எங்கட வளவுகள் பூக்காத வளவுகளா?

எங்களுக்கும் ஒரு 'குளிர்காலம்' இருக்கிறது, நாங்கள் அதை அப்படிக் கூப்பிடுவதில்லை. மாரி மழை ஓய்ந்து, மார்கழியிலும் தையிலும் இரவுகள் கொஞ்சம் குளிர்ந்து, மண் காயத் தொடங்கும். அந்தக் குளிர்ச்சியும் காய்ச்சலும்தான் மாமரத்தைப் பூக்கத் தூண்டுகின்றன. தை, மாசியில் அம்பலவியும் விளாட்டும் பூத்து நிற்கும்போது கிட்டப் போனால் தேனீயும் இலையானும் இரைகிற சத்தம் கேட்கும். ஆனால் மாம்பூவைப் படம் எடுத்து ஸ்ரேற்றஸ் போட்டவர் யார்? நிறம் மங்கல். போட்டோவுக்கு மணம் ஏறாது.

பிறகு மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். கொட்டிய கையோடு மெல்லிய செந்தளிர், அதற்குப் பின்னால் வெள்ளைப் பூ. சித்திரை வெயிலில் இரவு முற்றத்தில் இருந்தால் அந்த வாசம் வரும். அந்தப் பூவை மரத்துக்குக் கீழே சீலை விரித்துப் பொறுக்கி, காயவைத்து, உளுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் போடுகிற ஊர் இது. வேப்பம்பூ வடகம் பொரிக்கிற வாசம் வந்தால் ஒரு கோப்பை சோறு கூடப் போகும். கனடாவுக்குப் போகிற பார்சலில் அது கட்டாயம் இருக்கும். வேம்பைத் தறிக்கச் சொல்கிற வீட்டுக்கும் அது போகிறது. பூ எந்த மரத்தில் இருந்து வருது எண்டு ஆரும் யோசிக்கிறேல்லை போல.

அடுத்தது கொன்றை. ரொறன்ரோவில் கிராப் அப்பிள் ரோசாவாக வெடிக்கிற அதே மே மாதத்தில்தான் இங்கே கொன்றை மஞ்சளாகத் தொங்கும். இது எங்கட வறண்ட வலயத்தின் சொந்த மரம். இலையை உதிர்த்துவிட்டு, சரம் சரமாகப் பூவை இறக்கிவிடும். "இலையே தெரியாத பூ" வேண்டும் என்றால் அது இதோ. பெரிய கருவண்டு போலத் தெரியும் தச்சுத் தேனீ அதில் வந்து தொங்கி மகரந்தத்தைக் குலுக்கி எடுக்கும். வெளிர் எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சிகள் அதன் இலையில்தான் முட்டை இடும். மயிர்க்கொட்டி என்று பயந்து மருந்தடிக்காதீர்கள், மயிரில்லாத, ஒன்றும் செய்யாத பச்சைப் புழு அது. எங்களில் பலருக்குக் கொன்றை கோயில் வீதியிலோ ரோட்டோரத்திலோ நிற்கிற மரமாகத்தான் தெரியும். வீட்டு வளவில் நடலாம் என்ற எண்ணமே வருவதில்லை. சிவனுக்குரிய பூவை வீட்டில் வைக்கக் கூடாது என்று சில வீடுகளில் சொல்லுவார்கள். கோயில் காரியம் அறிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், செம்பரத்தையும் நந்தியாவட்டையும் நிற்கிற வளவில் கொன்றைக்கு மட்டும் என்ன தடை?

இப்ப அந்த இரண்டாவது வட்ஸ்அப் தகவலுக்கு வருவோம்.

ரொறன்ரோ நகரத்தில் உங்கட சொந்தக் காணியில் நிற்கிற உங்கட சொந்த மரம், நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டம் கடந்துவிட்டால், மாநகரத்தின் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. விண்ணப்பம், கட்டணம், பரிசோதனை எல்லாம் உண்டு. அனுமதி கிடைத்தாலும் பதிலுக்கு மரம் நடச் சொல்லுவார்கள். அங்கே இதைக் கடைப்பிடிக்கிற எங்கட ஆட்கள் யாரும் இதை அநியாயம் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "இஞ்ச மரத்தில கை வைக்கேலாது தம்பி" என்று ஒருவிதப் பெருமையோடுதான் சொல்லுவினம். அதே ஆள், ஊரில் நாற்பது வருசமாக நிற்கிற வேம்பை ஒரு குரல் பதிவால் விழுத்துவார்.

எங்கட நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி கேட்கிறது. சோறு தருகிற மரத்தைக் காக்க வேணும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள், நல்லது. நிழலும் பூவும் தருகிற மரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முற்றத்து வேம்பும் மகிழும் கொன்றையும் நிற்பதும் விழுவதும் வீட்டுக்காரரின் விருப்பம். வீட்டுக்காரர் எட்டாயிரம் மைல் தொலைவில் இருக்கிறார். மரத்தின் நிழலில் இருக்கிற அம்மம்மாவிடமோ, வீட்டைப் பார்க்கிற குடும்பத்திடமோ யாரும் கேட்பதில்லை. காசு அனுப்புகிறவரின் சொல்லுக்கு ஊரில் இருக்கிற பாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தறிக்கச் சொல்கிறவர்களை ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போகவும் எங்களுக்கு மனமில்லை. அவர்கள் சொல்கிற காரணங்களில் பாதி உண்மையானவை. ஓட்டுக் கூரையில் கிளை உரசி ஓடு உடையும். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் நுளம்பு. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது வீட்டை ஒட்டி நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும். பக்கத்து வளவுக்குள் இலை கொட்டுவதால் இரண்டு வீடு பேச்சில்லாமல் இருப்பதும் எங்கட ஊர்களில் புதினம் இல்லை. இதில் பலதுக்குக் கிளை வெட்டினால் போதும். அடிமரத்தைத் தறிக்க வேண்டியதில்லை. ஆனால் கிளை வெட்ட ஒவ்வொரு இரண்டு வருசமும் ஆள் பிடிக்க வேணும், மரமேறுகிறவருக்குக் கூலி கொடுக்க வேணும். தறித்தால் ஒரே செலவு. கணக்கு அப்படித்தான் ஓடுது.

மிச்சக் காரணம் ஒன்று இருக்கிறது. அதை மரம் பற்றி எழுதுகிற ஆண்கள் அனேகமாகத் தொடுவதில்லை. கூட்டுறது ஆர்?

வேம்பு இலை கொட்டுகிற மாசத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் முற்றம் கூட்ட வேணும். குனிந்து, விளக்குமாற்றோடு, வெயில் ஏற முதல் ஒருக்கா, விளக்கு வைக்க முதல் ஒருக்கா. அதைச் செய்கிறது அம்மா, இல்லாட்டி அக்கா, இல்லாட்டிக் கூலிக்கு வருகிற இன்னொரு வீட்டு அம்மா. முற்றம் கூட்டாத வீடு என்று ஊர் பேசினால் அந்தப் பேச்சு விழுவதும் பெண்ணின் தலையில்தான். அறுபது வயதில் இடுப்பு நோவோடு நிற்கிற ஒருத்தி "தறிச்சு விடுங்கோ, என்னால கூட்டேலாது" என்று சொன்னால், அவவுக்குச் சூழலியல் வகுப்பு எடுக்கப் போவது அநியாயம். எங்கட குழுவுக்குள் இதைப் பற்றிப் பேசினபோது பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துதான் நின்றோம். கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: மரம் வேணும் எண்டு சொல்லுறவர் விளக்குமாற்றைத் தூக்க வேணும். முகநூலில் மரம் காப்போம் என்று எழுதுகிற தம்பிமார் காலமை ஆறு மணிக்கு எழும்பி முற்றம் கூட்டட்டும். ஒரு பங்குனி மாசம் முழுக்கக் கூட்டினபிறகும் மரம் வேணும் என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பலாம்.

முழு முற்றத்தையும் கூட்டத்தான் வேணுமா என்பது இன்னொரு கேள்வி. இலை குப்பை என்கிற எண்ணம் எங்கட ஊருக்குப் பழசு இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங் குழையை வெட்டித் தறைக்குள் தாழ்த்திப் பயிர் செய்தவர்கள். வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் வேலியாகவும் இருந்தன, பசளையாகவும் இருந்தன. இன்றைக்கு அதே இலையைக் கூட்டிக் குவித்து, பொலித்தீனோடு சேர்த்து, பின்னேரம் நெருப்பு வைக்கிறோம். அடுத்த நாள் கடையில் கொம்போஸ்ற் பை காசு கொடுத்து வாங்குகிறோம். வாசல் பக்கம் கூட்டட்டும். மரத்தடியில், கொல்லைப்பக்கத்தில், தென்னைப் பாத்தியில் இலை கிடந்தால் என்ன? பாம்பு வரும் என்பார்கள். குவியலாய்க் கிடந்தால் வரலாம், பரவிக் கிடந்தால் மண்தான் மூடும்.

இன்ரலொக் கல்லுக்கு எதிராக எங்களிடம் இருக்கிற பெரிய வாதம் பூவும் இல்லை, நிழலும் இல்லை. கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இறங்குகிற மழைதான் மிச்ச மாதங்களுக்கும் தண்ணீர். கேற்றில் இருந்து குசினி வாசல் வரை கல்லும் சீமெந்தும் போட்டு மூடினால் அந்த மழை ரோட்டுக்கு ஓடி, வாய்க்காலால் கடலுக்குப் போகும். பிறகு புரட்டாதியில் கிணறு உவராகிவிட்டது என்று குழாய்க்கிணறு அடிப்போம். மரம் தறிக்கிறதும் கல் பதிக்கிறதும் எங்கட பக்கம் எப்போதும் ஒரே கொந்தராத்தில்தான் நடக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எதிர்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேணும். 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து, பல வருசம் கழித்துக் காணி விடுபட்டதும் திரும்பிப் போனவர்கள், வீடும் இல்லை, மதிலும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான் தங்கட வளவை அடையாளம் பிடித்ததாகச் சொல்லுவினம். "இந்த இலுப்பைதான் எங்கட எல்லை" என்று. அந்தத் தலைமுறைக்கு முற்றத்து மரம் ஒரு முகவரி. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைக்கு "அப்பா ஊஞ்சல் ஆடின மரம் இது" என்று காட்ட ஒன்று மிஞ்ச வேணும் என்றுதான் சித்தப்பாமாரிடம் கேட்கிறோம். சாம்பல் நிறக் கல்லுப் பதித்த முற்றம் ஸ்காபரோவிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க ரிக்கற் போட்டு வரத் தேவையில்லை.

நடுகிறதென்றால் எதை, எப்படி? நீளமாகச் சொல்லப் போவதில்லை. வளவு பெரிதென்றால் வேம்பும் கொன்றையும். சின்ன வளவு, வீட்டுக்குக் கிட்ட என்றால் மகிழ். மெல்ல வளரும், இலை ஒன்றாகக் கொட்டாது, விடியக் காலமை நட்சத்திரம் போலச் சின்னப் பூ நிலத்தில் கிடக்கும், காய்ந்த பிறகும் மணக்கும். கூட்டுகிறவருக்கு இதைவிட இரக்கமான மரம் குறைவு. கொன்றை விதை ஓடு தடித்தது. ஒரு பக்கத்தை அரத்தாளில் உரஞ்சி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பூக்க நாலைந்து வருசமாவது செல்லும், அவசரப்படக் கூடாது. பையில் கன்று வாங்கினால் வேர் பைக்குள் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம்தான் பிறகு புயலுக்குச் சாயும். சுவரில் இருந்து நன்றாகத் தள்ளி, மின்கம்பி போகாத பக்கம் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் முதல் மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்கு அடைப்புக் கட்ட மறக்க வேண்டாம். முதல் இரண்டு கோடைக்கு, ஆனியில் இருந்து புரட்டாதி வரை, கிணற்றடியில் குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

கல் பதிக்கத்தான் வேணும் என்று அடம்பிடிக்கிறவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். காரின் ரயர் ஏறுகிற இரண்டு கோட்டுக்கு மட்டும் கல் வைத்து, மிச்சத்தை மண்ணாக விடச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி விடச் சொல்லுங்கள். செலவு பாதியாகும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைப் படம் எடுத்துக் குழுமத்தில் போடுங்கள். கிணறு, நிழல், வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் விட அந்தப் படத்துக்குத்தான் பெரியப்பாமார் உடனே பதில் எழுதுவினம்.